வார்தெலியின் வில்லன்கள்

ஒரு பீர் கிடைக்காத துக்கம் கோபாலனுக்கு மறுநாள் மத்தியானம் வரை ஆறவில்லை.

"ஜெர்மனியில உட்கார்ந்துகிட்டு பீர் இல்லைன்னு சொன்ன முதல் ஆள் நம்ம கிளையன்ட்தான் மேடம். சர்ச்சுல போய்க் கேட்டிருந்தாகூட யாராவது இரக்கப்பட்டு ஊத்தியிருப்பாங்க."

ஜெயமலர் காரின் வைப்பரை வேகமாக்கினாள். "வைன் தந்தவர்தானே. மாட்டுக் கொம்பு நிறைய வாங்கிக் குடிச்சிட்டு, காருக்குள்ளை பாட்டும் பாடினனீங்கள்."

"அது மரியாதைக்குக் குடிச்சது. தாகத்துக்குக் குடிக்கலையே."

ஹனோவர் நகரத்துக்கு நவம்பர் மாதத்தில் பகல் என்று ஒன்று வருவதே சந்தேகம். மதியச் சாப்பாடு செரிப்பதற்குள் தெருவிளக்குகள் எரிந்துவிட்டன. மழை விழுந்த மாதிரியும் இல்லை, விட்ட மாதிரியும் இல்லை. விருதுநகர் வெயிலில் வளர்ந்த கோபாலனுக்கு இந்த வானத்தைப் பார்த்தாலே யாரோ செத்த வீட்டுக்குள் நுழைகிற மாதிரி இருக்கும். இன்றைக்கு அது நிஜமாகவே செத்தவர் ஒருவரைப் பற்றிய வேலை.

கோபாலன் சாஃப்ட்வேர் எழுத வால்டோர்ஃப் என்ற ஜெர்மன் ஊருக்கு வந்தவன். வேலை போனது, விசா மட்டும் மிச்சமிருந்தது. ஜெயமலரோ சின்னப் பிள்ளையாக அப்பாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கிய யாழ்ப்பாணத்துக்காரி. இன்ஷூரன்ஸ் நிறுவனமொன்றில் பொய்க் கணக்குகளை மோப்பம் பிடித்துப் பிடித்துச் சலித்து, ஒரு பேக்கரியின் மாடியில் துப்பறியும் அலுவலகம் போட்டிருந்தாள். கோபாலனைக் கம்ப்யூட்டர் வேலைக்கென்றுதான் சேர்த்தாள். அவனுடைய வாய்தான் அதிகம் வேலை செய்தது.

நேற்று அவர்களைக் கூப்பிட்டு வேலை கொடுத்தவர் லேவான். ஜார்ஜியாக்காரர். அமெரிக்காவில் இருக்கிற ஜார்ஜியா அல்ல, கருங்கடலோரத்து ஜார்ஜியா. அவருடைய மாமா ஷோத்தா வார்தெலி, தனியாக வாழ்ந்த கிழவர், போன வாரம் நிலவறைப் படிக்கட்டின் அடியில் கழுத்து முறிந்து கிடந்தார். அவர் உயிரைவிடப் பெரிதாக வைத்திருந்த ஒரு கோப்புறையைக் காணவில்லை, அதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. அதற்குள் அவருடைய பாட்டனார் சான்ட்ரோ வார்தெலியின் கையால் வரைந்த மூலப் படங்கள் இருந்தன. ஜார்ஜியாவில் கேலிச்சித்திரம் என்ற கலைக்கே பிள்ளையார் சுழி போட்டவர் அவர்.

"என் மாமாவை நான் கடைசியாகப் பார்க்கக்கூட இல்லை. திபிலிசியிலிருந்து அடக்கத்துக்குத்தான் வந்து சேர்ந்தேன்" என்று லேவான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போலீஸிடமும் அதையேதான் சொல்லியிருந்தார். கோபாலன் பீர் கேட்டபோது, "எங்கள் மேசையில் நண்பர்களுக்கு ஒயின்தான்" என்று சொல்லிக் கொம்பை நீட்டினார்.

மாட்டிக்கொண்டவள் சஜிதா. கிழவரைப் பராமரிக்க வந்துபோன தமிழ்ப் பெண். இங்கேயே பிறந்தவள், பராமரிப்புப் படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கிறவள். உடலை முதலில் பார்த்துப் போன் செய்தது அவள். வந்த போலீஸ் அவளுடைய பையைத் திறந்தால் சான்ட்ரோ வரைந்த படம் ஒன்று. நாளைக் காலை விசாரணை. மாற்று உடுப்பு ஒன்றைக் கையோடு கொண்டு வரும்படி அவளுடைய வக்கீல் சொல்லியிருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் அவளுக்கு விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

கோபாலனின் போன் அதிர்ந்தது. லேவான். 'ஏதாவது கிடைத்ததா, நண்பரே?' கூடவே ஒரு பூங்கொத்துப் படம்.

"காலையிலிருந்து இது எத்தனையாவது பூன்னு தெரியல மேடம். ஒரு கல்யாணமே நடத்திடலாம்."

"பதில் போடாதையுங்கோ" என்றாள் ஜெயமலர். காரை நிறுத்தினாள்.

லிண்டன் பகுதியின் பழைய தெரு அது. எதிர்ப்புறத்தில் மர ஜன்னல் வைத்த மதுக்கடை ஒன்று. இந்தப்புறம், சான்ட்ரோவின் படங்களைக் கண்காட்சியாக வைத்திருக்கிற ஃபிங்க் என்பவரின் கலைக்கூடம். கண்ணாடிக் கதவில் ஆளுயரச் சுவரொட்டி. அதில் ஷோத்தா கிழவர், வெள்ளை மீசையும் கறுப்புக் கோட்டுமாக, நுரை வழிகிற பீர் குவளையை நெற்றிக்கு நேரே உயர்த்திப் பிடித்திருந்தார். கீழே ஜெர்மன் எழுத்தில், 'ஷோத்தா வார்தெலி எங்கள் கலைக்கூடத்தை வாழ்த்துகிறார்.'

"செத்தவர்கூடப் பீர் குடிச்சிருக்கார்" என்று கோபாலன் முணுமுணுத்தான். ஆனால் அந்தக் கிழவரின் கண்கள் அவனுக்குப் பிடிக்கவில்லை. வாழ்த்துகிறவர் கொஞ்சமாவது சிரிக்க வேண்டாமா?

ஃபிங்க் ஒல்லியான ஆள். கழுத்தில் பட்டுத் துணி சுற்றியிருந்தார். இருவரையும் உள்ளே விட்டுவிட்டு மேசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். மேசையை அரணாகப் பிடித்துக்கொண்டவர் போல் இருந்தது.

"போலீஸ் என்னிடம் எதுவும் கேட்கவில்லையே" என்றார் எடுத்த எடுப்பில்.

"அதனால்தான் நாங்கள் கேட்க வந்தோம்" என்றாள் ஜெயமலர், அவருடைய ஜெர்மனைவிடத் திருத்தமான ஜெர்மனில். "முதலில் படங்களைப் பற்றிச் சொல்லுங்கள்."

படம் என்றதும் மனிதர் கொஞ்சம் இளகினார். சுவர் முழுக்கப் பழைய பத்திரிகைப் பக்கங்கள் சட்டம் போட்டுத் தொங்கின. மூலப் படங்கள் கிழவரிடம் இருந்ததால் அச்சிட்ட பக்கங்களைத்தான் கண்காட்சிக்கு வைத்திருந்தார்.

"திபிலிசியில் பிறந்தவர் சான்ட்ரோ. ஓவியம் படிக்க எங்கள் மியூனிக்கிற்கு வந்தார். திரும்பிப் போய், ஜார்ஜிய மொழிப் பத்திரிகையில் முதன்முதலாகக் கேலிச்சித்திரம் போட்டார். பள்ளிப் பிள்ளைகளின் அரிச்சுவடிக்குப் படம் போட்டதும் அவரேதான். காலையில் பிள்ளைகளுக்குக் கோழிக்குஞ்சும் கன்றுக்குட்டியும். மாலையில் பெரியவர்களுக்குக் கவர்னரின் தொப்பை. அரசாங்கம் பத்திரிகையை மூடும், இவர்கள் வேறு பெயரில் திறப்பார்கள், அதையும் மூடும். பிறகு வந்த ஆட்சியில் யாரைப் பார்த்தும் சிரிக்கக் கூடாது என்றாகிவிட்டது. ஒரு பள்ளியில் ஓவிய வாத்தியாராகப் பென்சில் சீவிக்கொடுத்துக்கொண்டே கண்ணை மூடினார்."

"படத்துக்குப் படம் பீர் வருகிறதே?"

"மியூனிக் நினைவு" என்று ஃபிங்க் பெருமையாகச் சொன்னார். "எங்கள் பீரை அவரால் மறக்கவே முடியவில்லை. என் கண்காட்சிக் கையேட்டில் இதற்கு ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறேன்."

"நல்ல மனுஷர்" என்றான் கோபாலன் தமிழில். "லேவானுக்கும் கொஞ்சம் அந்தப் புத்தி இருந்திருக்கலாம்."

"வாசலில் இருக்கிற அந்தப் படம் எப்போது எடுத்தது?" என்று கேட்டாள் ஜெயமலர்.

"அவர் இறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. அவர் வீட்டில். நான்தான் எடுத்தேன்." ஃபிங்க் மேசை விளிம்பைத் தடவினார். "என்னை வாழ்த்தினார்."

"வேறு யார் இருந்தார்கள்?"

"விருந்து என்றால் நாலு பேர் வருவார்கள், போவார்கள்" என்று சொல்லிவிட்டு அவர் காபி கொண்டுவருகிறேன் என்று பின்னறைக்குப் போய்விட்டார். கேள்விக்குப் பதில் சொல்லாமல் காபி போடப் போகிறவர்களை ஜெயமலருக்குப் பிடிக்காது. கோபாலனுக்கும் பிடிக்காது, ஆனால் காபி பிடிக்கும்.

அவள் சஜிதாவுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தாள்.

"அந்தப் படத்தை ஐயா எப்ப தந்தவர், சஜிதா?"

"செத்ததுக்கு முதல் நாள் பின்னேரம் அக்கா. நான் வெளிக்கிடேக்கை கூப்பிட்டு, தானே என்ரை பையுக்குள்ளை வச்சவர். தனக்கு ஏதும் நடந்தா இதைப் பாத்து விளங்கக்கூடிய ஆரிட்டையாவது காட்டச் சொன்னவர். பொலிஸுக்கு இதைச் சொன்னனான் அக்கா. அவையள் படத்தைப் பாத்திட்டுச் சிரிக்கினம். எல்லாரும் பியர் குடிச்சுக்கொண்டு நிக்கிற படம், இதிலை என்ன விளங்க இருக்கு எண்டு கேக்கினம்."

"நீர் அதைப் பாத்து என்ன நினைச்சனீர்?"

"எனக்கும் ஒண்டும் விளங்கேல்லை. சந்தோசமான படம் எண்டுதான் நினைச்சன்." குரல் உடைந்தது. "ஏப்ரலிலை எனக்கு அவுஸ்பில்டுங் படிப்பு முடியுது அக்கா. இனி எந்த வீட்டிலை என்னை உள்ளை விடுவினம்? அம்மா பையுக்குள்ளை உடுப்பு அடுக்கி வச்சிட்டு, திரும்பத் திரும்ப எடுத்து மடிக்கிறா."

"சாப்பிட்டிட்டுப் படும். நான் எடுக்கிறன்" என்று சொல்லி ஜெயமலர் போனை வைத்தாள். கவலைப்படாதே என்று அவள் சொல்லவில்லை. உறுதியில்லாததை அவள் யாருக்கும் சொல்வதில்லை. 

சஜிதாவின் பையில் கிடைத்த படத்தின் நகல் ஜெயமலரின் போனில் இருந்தது. வக்கீல் அனுப்பியது. இருவரும் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். ஒரு கட்டில். கட்டிலில் நோயாளிக் கிழவர். பக்கத்தில் பட்டுச் சட்டைக்காரன் ஒருவன், கையில் திராட்சைக் கூடை, முகத்தில் தேன் வடியும் சிரிப்பு. சுற்றி நிற்கிற வீட்டார் எல்லோரும் நுரை தள்ளும் குவளைகளை அவனை நோக்கி உயர்த்துகிறார்கள். கட்டிலில் படுத்திருக்கிற கிழவர்கூட ஒன்றை உயர்த்துகிறார். எழுத்து எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் ஓவியர் படத்தை மட்டும் வரைந்து கொடுப்பார், கீழே வரும் வாசகத்தை அச்சகத்தில்தான் கோப்பார்கள்.

"திராட்சையோட வந்தவருக்குப் பீர் பார்ட்டி" என்றான் கோபாலன். "நான் என் அத்தை வீட்டுக்கு ஆப்பிள் வாங்கிட்டுப் போனப்போ தண்ணிகூடக் குடுக்கல."

ஜெயமலர் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "உங்கடை போன் அந்த எழுத்தை வாசிக்குமோ?"

கோபாலன் கேமராவைப் பத்திரிகைப் பக்கமொன்றின் அடிவாசகத்தின் மேல் பிடித்தான். "வாசிக்கும் மேடம். ஆனா இதோட மொழிபெயர்ப்பு கொஞ்சம் குடிச்ச மாதிரி இருக்கும். இந்தாங்க, 'மாட்டின் வாலுக்கு ஞானஸ்நானம்'."

"கொம்பிலை குடிக்கிற படங்களை மட்டும் முதல் வாசியுங்கோ. ஆரைப் பாத்து உயர்த்தினம் எண்டு சொல்லுங்கோ."

கோபாலன் சுவரோரமாக நடந்தான். "இது புதுசா வந்த பள்ளிக்கூட வாத்தியாருக்கு. இது கல்யாணப் பொண்ணுக்கு. இது... செத்துப்போன கவிஞர் ஒருத்தருக்கு, சமாதி மேல ஊத்துறாங்க."

"இனிக் கண்ணாடிக் குவளையிலை பியர் குடிக்கிறது."

"வரி வசூலிக்க வந்த அதிகாரிக்கு. பஞ்சத்துல தானியத்தைப் பதுக்கி வச்சவனுக்கு. பத்திரிகையை மூடின தணிக்கை அதிகாரிக்கு, அவன் பேனாவுக்குப் பதிலா கத்திரிக்கோல் வச்சிருக்கான். இது பண்ணையார், ஒரு விதவையோட நிலத்தை..." கோபாலனின் குரல் தானாகத் தணிந்தது. போனை இறக்கினான்.  "மேடம். பீர் வாங்கினவன் அத்தனை பேரும் அயோக்கியப் பயலா இருக்கான்."

"நேற்று லேவான் உங்களுக்கு ஏன் பியர் தரேல்லை?"

"நண்பர்களுக்கு ஒயின்தான்னு..." கோபாலன் நிறுத்தினான்.

ஜெயமலர் ஏற்கெனவே இன்னொரு எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு வேலை செய்கிற கேத்தவான் என்ற ஜார்ஜியப் பெண், பழைய சினேகிதி. ஒரே ஒரு கேள்வி கேட்டாள். மறுமுனையில் எழுந்த சிரிப்பு கோபாலனுக்குக்கூடக் கேட்டது. கேட்டுவிட்டுப் போனை வைத்தாள்.

"அவையின்ரை பழைய ஆக்கள் வாழ்த்துச் சொல்லி வைன்தான் குடிப்பினமாம். பியரைத் தூக்கிப் பிடிச்சு ஒருத்தனை வாழ்த்தினா, நீ நாசமாப் போ எண்டு அர்த்தமாம். எதிரிக்கு மட்டும்தான் அது."

"அப்போ சஜிதா பையில இருந்த படம்..."

"சொத்துக்காகக் கட்டிலடிக்கு வந்தவனைச் சபிக்கிற படம். கிழவர் தன்ரை கொலைகாரனைக் காட்டிப்போட்டுப் போயிருக்கிறார். இந்த ஊரிலை எல்லாரும் அதைப் பாத்து, என்ன சந்தோசம் எண்டு சிரிச்சுக்கொண்டு நிண்டிருக்கினம். அந்தப் பிள்ளை வீட்டிலை இருந்து அழுகுது."

ஜெயமலருக்கு இவ்வளவு கோபம் வந்து கோபாலன் பார்த்ததில்லை. இருவருடைய கண்களும் ஒரே நேரத்தில் வாசல் பக்கம் திரும்பின. கதவுக் கண்ணாடியில் சுவரொட்டியின் பின்புறம்தான் தெரிந்தது, ஆனால் வெளியே பார்த்த ஷோத்தா கிழவர் நினைவில் வந்தார். தூக்கிய குவளை. சிரிக்காத கண். 'எங்கள் கலைக்கூடத்தை வாழ்த்துகிறார்.'

அந்த நேரம் பார்த்துக் கடகடவென்று ஒரு சத்தம். ஃபிங்க் பின்னறையிலிருந்து வேறு வழியாக வந்து, வாசலின் இரும்புத் தட்டியைப் பாதி இறக்கிவிட்டிருந்தார்.

"மூடுகிற நேரமாயிற்று" என்றார். கையில் காபி இல்லை.

கோபாலன் பக்கத்தில் கனமாக எதுவும் இருக்கிறதா என்று தேடினான். கண்காட்சிக் கையேடு ஒன்றுதான் அகப்பட்டது. அதைக் கையில் எடுத்துக்கொண்டான். போன் மறுபடி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான்.

'அங்கே குளிருமே. ஃபிங்க் ஹீட்டர் போடவே மாட்டார்.'

"மேடம்" என்றான் மெதுவாக. "நாம இங்க வர்றோம்னு லேவான்கிட்ட சொன்னீங்களா?"

"இல்லை" என்றாள் அவள். ஃபிங்கின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஜெர்மனுக்கு மாறினாள். "ஹெர் ஃபிங்க், பீரை உயர்த்தி ஒருவரை வாழ்த்தினால் ஜார்ஜியக் கிழவருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? அவன் நாசமாகப் போகட்டும் என்று அர்த்தம். உங்களை அவர் சபித்திருக்கிறார். அதை நீங்களே ஆளுயரத்துக்கு அச்சடித்து வாசலில் ஒட்டியிருக்கிறீர்கள். அவர் சாக வேண்டும் என்று உங்களுக்கு என்ன அவசரம்?"

ஃபிங்கின் முகம் செத்துப்போயிற்று. மேசைவரை வந்து, அதைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் விழுந்தார். கோபாலன் ஒரு கொலைகாரனின் சீற்றத்தை எதிர்பார்த்துக் கையேட்டை ஓங்கியிருந்தான். வந்தது ஒரு சின்னப்பிள்ளையின் குரல்.

"என்னை இல்லை. அவர் பீரில் வாழ்த்தியது என்னை இல்லை."

"சுவரொட்டி வேறு மாதிரி சொல்கிறதே."

"அது பொய். என்னை ஒயினில்தான் வாழ்த்தினார். கொம்பில் ஊற்றி, ஒரே மூச்சில் குடித்து, என் கன்னத்தில் முத்தமிட்டார். பீர் பிறகு வந்தவனுக்கு. எனக்கு மனசு எரிந்துபோயிற்று. இவ்வளவு உழைத்த எனக்கு அவர் ஊர் ஒயின், எங்கிருந்தோ வந்தவனுக்கு எங்கள் ஜெர்மன் பீரா என்று நினைத்தேன். படமும் அதுதான் நன்றாக வந்திருந்தது. பீர் இருந்தால்தான் எங்கள் ஜனம் உள்ளே வரும். வந்தவனைப் படத்திலிருந்து வெட்டிவிட்டு, வாழ்த்து எனக்குத்தான் என்று போட்டுக்கொண்டேன்."

"வெட்டாத படம் எங்கே?"

ஃபிங்க் தன் போனை நீட்டினார். காணொளி ஓடியது. ஷோத்தாவின் சாப்பாட்டு மேசை. கிழவர் கொம்பை உயர்த்திக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார், குடிக்கிறார். அந்த முகத்தில் அத்தனை பிரியம். பிறகு கதவு திறக்கிற சத்தம். கிழவரின் சிரிப்பு அணைந்துபோகிறது. ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போகிறார், பீர் போத்தலோடு வருகிறார், மேசையில் ஒயின் ததும்ப நிற்கும்போதே குவளையில் பீரை ஊற்றுகிறார். உயர்த்துகிறார். கேமரா திரும்புகிறது.

வாசற்படியில் நனைந்த கோட்டோடு லேவான் நின்றான். கையில் ஒரு திராட்சைக் கூடை.

மூவரும் போனின் மேல் குனிந்தார்கள். காணொளியில் லேவானின் முகம் மெல்ல வெளுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த அறையில் இருந்தவர்களில் வாழ்த்தின் அர்த்தம் அவனுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

"திபிலிசியில இருந்து அடக்கத்துக்குத்தான் வந்தாராம்" என்றான் கோபாலன்.  "நேத்து எங்கிட்ட அழுதார் மேடம். நான் டிஷ்யூ எடுத்துக் குடுத்தேன்."

"கோப்புறை?" என்று ஃபிங்கைக் கேட்டாள் ஜெயமலர்.

அவர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னறையைக் காட்டினார். "அன்றைக்கே அவன் போன பிறகு, ஒரு படத்தை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டு என்னிடம் கொடுத்தார். யாருக்கும் கொடுக்காதே என்றார். அவர் இறந்ததும் பயந்துவிட்டேன். என் கையில் இருப்பது தெரிந்தால் என்னைத்தானே பிடிப்பார்கள்?"

"அதனால் அந்தப் பெண்ணைப் பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டீர்கள்."

ஃபிங்க் கழுத்துப் பட்டுத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டார். ஜெயமலர் அவரை அதற்கு மேல் பார்க்கவும் விரும்பவில்லை. காணொளியைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டு, அங்கிருந்தபடியே விசாரணை அதிகாரிக்கும் சஜிதாவின் வக்கீலுக்கும் அனுப்பினாள். அதிகாரியைக் கூப்பிட்டுச் சுருக்கமாகப் பேசினாள்.

"ஒண்டு மட்டும் எனக்கு ஒத்துவரேல்லை எண்டு நேற்றிலிருந்து யோசிச்சனான்" என்றாள் போனை வைத்துவிட்டு. "இவ்வளவு டிடெக்டிவ் ஆக்கள் இருக்கிற ஊரிலை, ஒரு ஜார்ஜியாக்காரன் ஏன் என்னைத் தேடி வந்தவன்? இப்ப விளங்குது. மாமனைத் தள்ளிப்போட்டுத் தேடினவனுக்குக் கோப்புறை கிடைக்கேல்லை. அது சஜிதாவிட்டை இருக்கு எண்டு நினைச்சிருக்கிறான். ஒரு தமிழ்ப் பிள்ளை இன்னொரு தமிழ்ப் பொம்பிளையிட்டை உண்மையைச் சொல்லும்தானே. என்னை வச்சு அவளின்ரை வாயைப் பிடுங்கப் பாத்திருக்கிறான்."

அதைச் சொன்னபோது அவளுக்கு அவமானமாக இருந்தது. கோபாலனுக்கு அது தெரிந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தான். போன் முந்திக்கொண்டது.

'உங்கள் கார் பாதையில் நிற்கிறது. நான் எதிரே இருக்கிறேன். வாருங்கள், மேசை பிடித்து வைத்திருக்கிறேன்.'

பாதி இறங்கிய இரும்புத் தட்டிக்குக் கீழே எதிர்க்கடையின் மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. ஜன்னலோரத்தில் ஓர் உருவம் கையசைத்தது.

"போலீஸ் வர்ற வரைக்கும் உள்ளயே இருந்துடலாம் மேடம். இங்க ஹீட்டர் இல்லாட்டியும் தட்டி இருக்கு."

"நாங்கள் போகாட்டி அவன் எழும்பிப் போயிடுவான். பொலிஸ் வர மட்டும் அவன் அந்தக் கதிரையிலை இருக்கோணும்." அவள் எதிர்க்கடையின் பெயரை அதிகாரிக்கு அனுப்பிவிட்டுக் கோட்டை மாட்டினாள். "ஏலாதெண்டா நீங்கள் நில்லுங்கோ."

கோபாலனுக்கு ஏலாதுதான். ஆனாலும் பின்னாலேயே போனான்.

மதுக்கடையில் கூட்டம் இல்லை. மூலை மேசையில் இரண்டு கிழவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். லேவான் ஜன்னலுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். இடது கை மேசை மேல், வலது கை கோட்டுப் பைக்குள். அது ஏன் பைக்குள் இருக்கிறது என்று யோசிக்க கோபாலன் விரும்பவில்லை.

"ஃபிங்க் என்ன சொன்னார்?"

"மியூனிக் பீரைப் பற்றி நிறையச் சொன்னார்" என்றாள் ஜெயமலர்.

"அந்தப் பெண்?"

"அவளுக்கு ஒன்றும் தெரியாது."

லேவான் அவளையே பார்த்தான். அவன் உதடு சிரித்தது, கண் சிரிக்கவில்லை. கதவைப் பார்த்தான். தெருவைத் திரும்பிப் பார்த்தான். "நீங்கள் இருவரும் மட்டும்தான் வந்தீர்களா?"

"வேறு யார் வர வேண்டும்?"

அவன் தலையசைத்தான். எதையோ தீர்மானித்துவிட்ட தலையசைப்பு. கடைக்காரரைப் பார்த்து விரல் காட்டினான். நுரை வழிகிற பீர் குவளைகள் வந்தன, ஆளுக்கு ஒன்று.

"கோபாலன், நேற்று உங்களை ஏமாற்றிவிட்டேன் அல்லவா? இன்றைக்கு உங்கள் ஆசைப்படியே." லேவான் தன் குவளையை எடுத்தான். நெற்றிக்கு நேராக உயர்த்தினான். முதலில் கோபாலனைப் பார்த்தான், பிறகு ஜெயமலரைப் பார்த்து நிறுத்தினான். "உங்கள் நீண்ட ஆயுளுக்கு, என் நண்பர்களே."

வாழ்நாளில் கோபாலனுக்கு இத்தனை அன்பாக யாரும் சாவை வாழ்த்தாகச் சொன்னதில்லை. சொல்கிறவனுக்குத் தெரியும், கேட்கிறவர்களுக்குத் தெரியாது என்ற தைரியத்தில் சொல்கிறான். கோபாலனின் நாக்கில் வழக்கமாக ஊறி நிற்கும் கிண்டல் ஒன்றுகூட வரவில்லை. 

ஜெயமலர் தன் குவளையை எடுத்தாள். அவசரமே படாமல், ஷோத்தா கிழவர் பிடித்திருந்த மாதிரியே, நெற்றிக்கு நேராகப் பிடித்தாள். சிரிக்கவில்லை.

"உங்களுக்கு, லேவான்" என்றாள். "அந்த ஞாயிற்றுக்கிழமை திராட்சைக் கூடையோடு வாசலில் நின்றபோது உங்கள் மாமா சொன்ன அதே வாழ்த்து."

அவனுடைய குவளை உதட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. காணொளியில் பார்த்த அதே வெளுப்பு கன்னத்திலிருந்து கழுத்துக்கு இறங்கியது. வலது கை பைக்குள் அசைந்தது. அதே சமயம் அவனுக்குப் பின்னாலிருந்த ஜன்னல் கண்ணாடி நீலமாகி அணைந்து மறுபடி நீலமானது. சீட்டாடிய கிழவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கதவு திறந்து ஈரமான காற்றோடு சீருடைகள் உள்ளே வந்தன. கையை மெதுவாக வெளியே எடுக்கும்படி யாரோ சொன்னார்கள்.

அவன் எடுத்தான். கையில் ஷோத்தா விழுந்து கிடந்த நிலவறையின் சாவி இருந்தது; அடக்கத்துக்குத்தான் வந்ததாகச் சொன்னவனிடம் இருக்க வேண்டாத சாவி. சங்கிலியில் ஒரு சின்ன ஒயின் கொம்பு தொங்கியது.

அவனைக் கூட்டிக்கொண்டு போகும்வரை ஜெயமலர் குவளையை இறக்கவில்லை. பிறகு அதை ஒரு சொட்டும் குடிக்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். சஜிதாவுக்கு என்ன எழுதுகிறாள் என்று கோபாலன் எட்டிப் பார்த்தான்.

'அம்மாட்டைச் சொல்லும். அந்த உடுப்பை எடுத்துத் திரும்ப அலுமாரியிலை வைக்கட்டாம்.'

கோபாலன் முன்னால் அவனுடைய பீர் நுரை அடங்கி நின்றது. நேற்றிலிருந்து அவன் ஆசைப்பட்ட பீர். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு இரண்டு விரலால் மெதுவாகத் தள்ளிவைத்துவிட்டு, கடைக்காரரிடம் ஒரு தேநீர் கேட்டான்.